கரட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரோடு மலையேறிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இதை நான் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தாலே என் மனைவி உள்ளேயிருந்து, "ஆமாங்க, அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவருதான், தொண்டரும் அவருதான்" என்பாள். சொல்லட்டும். இத்தனை வருஷத்தில் என் கட்சி ஒரு முறைகூடத் தோற்றதில்லை.

சேலத்தில் எனக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே சேர்வராயன் மலை தெரியும். வாரம் முழுக்க கிரீஸும் டீசல் வாசமுமாக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காமல் அந்த மலைக்குள் போய் நடப்பதுதான் எங்களுக்குச் சினிமா, ஓட்டல், கோயில், குளம் எல்லாம். ஏற்காடு ஏரியில் படகு ஓட்டுவது, காட்சி முனையில் நின்று போட்டோ எடுப்பது இதெல்லாம் எங்களுக்கு ஆகாது. பஜாரைத் தாண்டி, எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதைகள்தான் எங்கள் பாதை. மழை முடிந்த கையோடு போனால், பேர்கூட இல்லாத சின்னச் சின்ன அருவிகள் பாறைக்குப் பாறை கொட்டிக்கொண்டிருக்கும். சில வாரம்தான். அப்புறம் போனால் ஈரம் மட்டும் இருக்கும். என் மகள் நடக்கப் பழகியதே இந்தப் பாதைகளில்தான். பாதி தூரம் அவள் காலில் நடப்பாள், மீதி தூரம் என் தோளில்.

என் மச்சானை ஒரு தடவை தலைச்சோலைப் பக்கம் கூட்டிப்போனோம். எல்லோருக்குமாகக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை முதல் ஏற்றத்திலேயே வாய்வைத்துக் குடித்துத் தீர்த்துவிட்டு, "இன்னொரு பாட்டில் இல்லீங்களா?" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரைத் தேட வேண்டியதில்லை, முதல் பந்தியில் பார்த்தால் போதும். இன்னொரு பக்கம், பக்கத்துக் கடைக்காரர். கடையில் உட்கார்ந்தால் உர்ரென்று இருப்பார். மலையில் கால் வைத்ததும் பாட்டென்ன, கேலியென்ன! அடுத்தவர் காலில் முள் தைத்தால், அந்தக் காலைத் தன் மடியில் வைத்து எடுத்துவிடுவார். அவருக்கு நான் எந்த நேரத்திலும் கடைச் சாவியைக் கொடுப்பேன்.

எங்கள் வீட்டில் பெரிய செய்திகளெல்லாம் எனக்குத் தோசையோடுதான் வரும். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி சாப்பாட்டில் இரண்டாவது தோசை வைக்கும்போது மனைவி சொன்னாள், சென்னையில் வேலை பார்க்கிற மகளுக்கு அங்கேயே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று. தோசை நடுவழியில் நின்றுவிட்டது.

சாதி, சாமி பார்க்கக் கூடாது என்று நாலு பேர் நடுவில் பேசுகிறவன் நான். அதனால் அந்தப் பக்கம் வாயைத் திறக்க முடியாது. படிப்பு, வேலை, குடும்பம் எதிலும் பழுதில்லை. குறை சொல்ல எதுவுமே கிடைக்காததுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை. கீபோர்டைத் தவிர வேறெதையும் தட்டியிராத கை. இவனை எப்படி நம்புவது?

மகள் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "அப்பா வாயில இருந்து அவர 'மாப்பிள்ள'ன்னு ஒரு வார்த்த வரோணும்மா. மனசுல இருந்து வரோணும். அது வராம நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்." இதை என்னிடம் சொன்னபோது மனைவி அடுத்த தோசையை வைக்கவில்லை. இவள் என் பெண். சொன்னால் சொன்னதுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் அப்படியே இருந்துவிடுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"வீட்டுக்கு வரச் சொல்லலாமுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"வீட்டுக்கு வந்தா சோபா நுனியில உக்காந்து பஜ்ஜி தின்னுட்டுப் போவான். அதுல என்ன தெரியும்? மலைக்கு வரச் சொல்லு."

"பொண்ணு பாக்குறதக் கேள்விப்பட்டிருக்கேன். மாப்பிள்ள பாக்க மலைக்குக் கூட்டிட்டுப் போற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வரச் சொன்னாள்.

ஞாயிறு விடியும்போதே பஸ் ஸ்டாண்டில் மகளும் அவனும் நின்றார்கள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஷூவோடு இருந்தான். "வணக்கம் அங்கிள்" என்றான். அங்கிளாம். "வாங்க தம்பி" என்றேன். அந்தத் 'தம்பி'யை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். மகள் முகம் சுருங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை.

மலைப்பாதையின் வளைவுகளில் அவன் எப்படியும் வாந்தி எடுப்பான் என்று பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு என்றும் சொல்லலாம். வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில் எனக்குத்தான் குமட்டியது. மனைவி என் பையிலிருந்தே பழத்தை எடுத்து என் மூக்கருகில் நீட்டினாள். அவன் ஜன்னல் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு, "சூப்பரா இருக்குல்ல?" என்று மகளிடம் சொன்னான்.

ஏற்காடு பஜாரில் டீ குடித்துவிட்டு ஜீப் பிடித்து வெள்ளக்கடைக்குப் போனோம். இரண்டு நாள் முன்புவரை நல்ல மழை. காப்பித் தோட்டம் முழுக்க சொட்டச் சொட்ட நின்றது. பழங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்க ஆரம்பித்திருந்தன. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருந்தது. எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அவன், இவன், கல்யாணம் எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய்ச் சந்தோஷமாகிவிட்டது. மலை என்னை எப்போதும் அப்படித்தான் செய்யும்.

போன வருஷம் போன வழியில் ஒரு மரம் விழுந்து அடைத்திருந்தது. வேறு வழி விசாரிக்கலாம் என்று நின்றபோது எதிரே மொபெட்டில் ஒருவர் வந்தார். பின்னால் புல்லுக்கட்டு. அந்தப் பக்கத்து விவசாயி. எனக்கு ஷூ கயிறு அவிழ்ந்திருந்ததால் நான் ஒரு கல்லில் கால்வைத்துக் குனிந்திருந்தேன். மனைவியும் மகளும் விழுந்து கிடந்த மரத்தில் முளைத்திருந்த காளானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன்தான் முன்னால் போய் வழி கேட்டான்.

அவர் வண்டியை அணைக்காமலேயே பதில் சொன்னார். "அருவிக்குங்களா? இப்படியே போங்க சாமி. கொஞ்ச தூரத்துல சின்னதா ஒரு கரடிருக்குதுங்க. மேல மட்டும் ஏறிராதீங்க, வம்பாயிரும். ஓரமா சுத்திப் போயிட்டீங்கன்னா ஒண்ணுமில்லீங்க. நாங்கெல்லாம் தெனம் போறதுதானுங்க." வண்டி போய்விட்டது.

நான் நிமிர்ந்து, "சரி, போலாம்" என்றேன்.

அவன் அங்கேயே நின்றான். "அங்கிள், அவர் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இந்தப் பக்கமெல்லாம் அதுக்கென்ன பஞ்சமா? வாங்க தம்பி."

அதற்குப் பிறகுதான் அவன் போக்கே மாறியது. வழியோரம் கிடந்த ஒரு காப்பிக் குச்சியை எடுத்தான். அது போதாதென்று போட்டுவிட்டு அதைவிடத் தடியாக ஒன்றை எடுத்தான். எல்லோருக்கும் முன்னால் போய் நடந்தான். நான்தான் எப்போதும் முன்னால் நடப்பவன். இருபது வருஷத்துக்கு மேலாக அது என் இடம். சரி, இளரத்தம், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு பாட ஆரம்பித்தான். பாட்டா அது! ராகமும் இல்லை, தாளமும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினான். நடுநடுவே கையைத் தட்டினான், குச்சியால் மரத்தை அடித்தான். மலையில் சத்தம் போடக் கூடாது என்பது என் கட்சியின் முதல் கொள்கை. இவன் காட்டுக்கு வந்தானா, ஊர்வலத்துக்கு வந்தானா? மகள்கூட ஓடிப்போய், "என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நீயும் பாடு. நீயும் ஆன்ட்டியும் நடுவுல வாங்க" என்றான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

அடுத்ததாகச் சாப்பாட்டுப் பை. மனைவியிடம் வந்து, "ஆன்ட்டி, அந்தப் பையைக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்" என்றான். பரவாயில்லையே என்று நினைக்கும்போதே, "இதுல இனிப்பா ஏதாவது இருக்கா? தேன், வெல்லம் மாதிரி?" என்று கேட்டான்.

"பணியாரம் இருக்குது கண்ணு. வெல்லப் பணியாரம்" என்றாள் மனைவி.

அதைக் கேட்டதும் பையை வாங்கி, ஜிப்பை இழுத்து மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைவிட்டுத் தள்ளி நடந்தான். எனக்கு என் மச்சான் ஞாபகம் வந்துவிட்டது. சத்தக்காரன், முந்திரிக்கொட்டை, இப்போது தீனிப்பண்டாரம் வேறு. "பாத்தியா?" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். "நடங்க பேசாம" என்றாள். ஆனால் அவள் குரலும் இறங்கியிருந்தது. மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சின்ன வயதில் கால் வலித்தாலும் வாய்விட்டுச் சொல்லாமல் இப்படித்தான் நடப்பாள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வராத வார்த்தையை எப்படி வரவழைப்பது?

மொபெட்காரர் சொன்ன இடம் வந்தது. பாதையின் இடது பக்கம் பாசி பிடித்த பாறை மேடு. வலது பக்கம் புதரை ஒட்டிச் சுற்றிப் போகிற தடம். அருவியின் இரைச்சல் இப்போது பக்கத்தில் கேட்டது. அவன் பாடுவதை நிறுத்தினான். எங்களை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

அந்த நேரம் பார்த்துப் புதர் சலசலத்தது. இலைகளை விலக்கிக்கொண்டு கறுப்பாக, உயரமாக ஏதோ வந்தது.

அவன் சாப்பாட்டுப் பையைத் தூரத்தில் வீசி எறிந்தான். ஒரே தாவலாகத் தாவி எனக்கு முன்னால் வந்து நின்றான். ஒரு கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மறுகையில் குச்சியை ஓங்கி, "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கத்தலில் எனக்கே ஈரக்குலை நடுங்கிவிட்டது.

"ஏனுங்க சாமி, என்னையவா அடிக்கப் போறீங்க?" என்றது புதர்.

ஒரு அம்மா. நனையாமலிருக்கத் தலையிலிருந்து முழங்கால்வரை கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு கூடை கொய்யாவோடு நின்றார். குச்சி அப்படியே காற்றில் நின்றது. அவன் கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் தொங்கியது.

"கரடின்னு நெனச்சேன்" என்றான். குரலே எழும்பவில்லை.

"கரடியா! இங்க ஏதுங்க கரடி?"

"வண்டியில போன அண்ணன் சொன்னாரே. சின்னதா ஒரு கரடி இருக்குது, மேல ஏறாதீங்க, ஓரமா சுத்திப் போயிடுங்கன்னு..."

முதலில் புரிந்தது என் மகளுக்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த அம்மாவுக்கு. கூடையைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பாசிப் பாறையைப் படார் படாரென்று அடித்தார். "இதாஞ்சாமி கரடு! கரடு! இந்தக் கல்லு மேட்டச் சொல்லியிருக்காருங்க! வழுக்குமின்னு ஏற வேண்டாமின்னு சொன்னாரு!"

எங்கள் சேலத்துப் பக்கம் பாறையும் முள்ளுமாக இருக்கிற குன்றுக்கு, மேட்டுக்குக் கரடு என்றுதான் பேர். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கரடு இருக்குது என்பதை வேகமாகச் சொன்னால் 'கரடிருக்குது' என்றுதான் வாயில் வரும். பாவம், சென்னைக் காது அதில் கரடியைத் தவிர வேறு எதைக் கேட்கும்? மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு வலிக்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான், வெட்கத்தில் காதெல்லாம் சிவக்க.

சிரித்து ஓய்ந்த பிறகு மகள் கேட்டாள். "அப்போ அவ்வளவு நேரமும் கரடி இருக்குன்னு நெனச்சுக்கிட்டா நடந்தீங்க?"

"ஆமா. சத்தம் போட்டா கிட்ட வராதுன்னு எங்கேயோ படிச்சிருக்கேன். இனிப்பு வாசனைக்கு வந்துடும்னும் படிச்சிருக்கேன். அதான் பையை வாங்கித் தள்ளி நடந்தேன்."

"திரும்பிப் போலாம்னு சொல்லலாமில்ல?"

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "அங்கிள் அசரவே இல்ல. இந்தப் பக்கம் அதுக்கென்ன பஞ்சமான்னு கேட்டாரு. பொண்ணு கேட்டு வந்தவன உங்க ஊர்ல இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க போலன்னு நெனச்சேன். காளையை அடக்கச் சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். சரி, உங்க வீட்ல கரடி."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பணியாரம் இருக்கிற பையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு, கரடிக்கு முதல் ஆளாகத் தான் கிடைக்கிற மாதிரி முன்னால் நடந்திருக்கிறான். அதற்கு நடுவே பயந்து பயந்து பாட்டு வேறு. கண் கலங்கியதை மறைக்க நான் போய் வீசி எறிந்த பையைத் தேட ஆரம்பித்தேன். புளிசாதம் பிழைத்திருந்தது. பணியாரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு நாலு கொடுத்தோம், அவர் எங்களுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். "கரடி அடிக்கிற சாமி, பத்தரமா போயிட்டு வாங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கரட்டைச் சுற்றி இறங்கியதும் அருவி. அந்த வருஷம் போல அதில் தண்ணீரை நான் பார்த்ததில்லை. பாறை தெரியாமல் வெள்ளையாகக் கொட்டியது. சாரல் இருபது அடிக்கு முன்பே முகத்தில் அடித்தது. அவன் புது ஷூவைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான். குளிர் தாங்காமல் குதித்தான். மகள் அவன் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். மனைவி, இத்தனை வருஷமாகக் கரையிலேயே உட்கார்கிறவள், சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். நான் நசுங்கிய பணியாரத்தைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு அருவி இருக்க வேண்டும், பணியாரமும் இருக்க வேண்டும். ஆனாலும் அந்த வார்த்தை வாய்வரை வந்து வந்து திரும்பிப் போனது. இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுச் சட்டென்று எப்படிச் சொல்வது? எங்கே தொடங்குவது? "தம்பி, துண்டு வேணுமா?" என்றுதான் கேட்டேன். மகள் தண்ணீர் இறைப்பதைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடி இறைத்தாள்.

சாயங்காலம் வெள்ளக்கடை டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். ஜீப்புக்குக் காத்திருந்தபோது அதே மொபெட்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். "என்னங்க, அருவி பாத்தீங்களா? தண்ணி நொம்ப வருமே!" என்றார். மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? கரடி கதையை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் முதலில், "கரடி விடாதீங்கம்மா" என்றார். உண்மைதான் என்று தெரிந்ததும் டீ புரையேறச் சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "பட்டணத்து ஆளுங்கன்னா அப்படித்தானுங்க. நொம்பப் பயந்தாங்கொள்ளிங்க. கல்லப் பாத்தாலும் கரடிம்பாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. டீ கிளாஸை டக்கென்று பெஞ்சில் வைத்தேன்.

"ஏனுங்க, யாருங்க பயந்தாங்கொள்ளி? கரடு கெடக்குதுன்னு தெரிஞ்சு போற உங்களுக்கும் எனக்கும் அதுல என்னங்க பெருமை? கரடி கெடக்குதுன்னு நெனச்சுக்கிட்டே எனக்கு முன்னால போய் நின்னவருங்க எங்க மாப்பிள்ள!"

மனைவி கையில் பிடித்திருந்த பன்னை வாயில் வைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. மகள் என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் நிரம்பியிருந்தது. என்னாலும் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளை மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, இதுவும் தப்பாகிவிடக் கூடாதே என்கிற பயத்தோடு, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் கேட்டார்:

"இப்போ நான் சரியாத்தானே கேட்டேன்?"